மருந்து கலக்கும் கைக்கு என்ன கூலி?

மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தை. பிறவியிலேயே இதயக் கோளாறு. மருத்துவர் கேப்டோபிரில் எழுதித் தருகிறார். அமெரிக்கச் சந்தையில் அது மாத்திரையாகத்தான் கிடைக்கிறது; ஆகச் சிறியதே 12.5 மில்லிகிராம். குழந்தைக்கு ஒரு வேளைக்குத் தேவைப்படுவதோ அதில் நாற்பதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. வீட்டில் கத்தி வைத்து நறுக்கி இந்த அளவை எடுக்க எந்தத் தாயாலும் முடியாது. ஆகவே ஒரு மருந்தாளுநர் மாத்திரைகளை எண்ணி எடுத்து, கல்வத்தில் மாவாக நுணுக்கி, உரிய திரவத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைத்து, ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் இருக்கும்படி நீர்ம மருந்தாக்குகிறார். எத்தனை நாளில் கெடும் என்று தேதி குறிக்கிறார். என்ன சேர்த்தோம், எந்தத் தொகுதியிலிருந்து எடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதுகிறார். புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் குழந்தையின் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதனால் இன்னொருவர் கணக்கைச் சரிபார்க்கிறார்.

இந்த வேலைக்குக் காம்பவுண்டிங் என்று பெயர். டாக்டர் வீட்டுத் திண்ணையில் கம்பவுண்டர் மிக்சர் கலந்து, பாட்டிலில் பல் வெட்டிய காகிதப் பட்டை ஒட்டித் தந்ததைப் பார்த்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில் அந்த வேலை மறையவில்லை. குழந்தைகள், மாத்திரை விழுங்க முடியாத முதியவர்கள், மருந்தில் சேர்க்கும் சாயமோ பசையோ ஒவ்வாதவர்கள், சந்தையில் தட்டுப்பாடான மருந்தை நம்பியிருப்பவர்கள் எல்லாருக்கும் அது இன்றும் தேவைப்படுகிறது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவி, குழந்தைகளுக்கான டாமிஃப்ளூ நீர்ம மருந்து தீர்ந்துபோனபோது, காப்ஸ்யூலைப் பிரித்துக் கலந்து கொடுத்தவர்கள் இந்த மருந்தாளுநர்கள்தான்.

இந்த வேலைக்கு யார், எதைக் கணக்கிட்டு, எவ்வளவு பணம் தருகிறார்கள்? வறண்ட கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் எந்த மருந்து கலக்கப்பட்டது, எது கலக்கப்படாமல் போனது என்பதை மருத்துவத் தேவையைவிட அதிகமாகத் தீர்மானித்தது பில்லில் உள்ள சில கட்டங்கள்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அமெரிக்க மருந்துக் கடையின் கணினியிலிருந்து காப்பீட்டாளரின் கணினிக்குச் செல்லும் பில்லுக்கு டி.0 என்றொரு வடிவம் உண்டு. என்.சி.பி.டி.பி. என்ற அமைப்பு வகுத்த அது 2012 ஜனவரி 1 முதல் சட்டப்படி கட்டாயம். சாதாரண மருந்துக்கு அதில் ஒரு கட்டத்தில் 1 என்று போட வேண்டும். கலவை மருந்துக்கு 2. இரண்டு என்று போட்டால் தனிப்பகுதி ஒன்று சேரும். அதில் 25 சேர்மானங்கள் வரை வரிசையாகக் காட்டலாம். ஒவ்வொன்றுக்கும் 11 இலக்க தேசிய மருந்து எண், எடுத்த அளவு, விலை, அந்த விலையை எதை வைத்துச் சொல்கிறோம் என்ற குறியீடு. அனுப்பிய சில நொடிகளில் பதில் வந்துவிடும்: இவ்வளவு தருகிறோம், அல்லது தர மாட்டோம்.

உழைப்புக்கும் அந்தப் படிவத்தில் ஓர் இடம் இருக்கிறது. 11 முதல் 15 வரை ஐந்து படிகள். எளிய கலவைக்கு 11. நேரமும் சிக்கலும் கூடக்கூட எண்ணும் கூடும். ஆனால் பல ஒப்பந்தங்களில் இந்த எண் கூலியைப் பெரிதாக மாற்றுவதில்லை. சிலவற்றில் அதற்குப் பணமே இல்லை. முதியோருக்கான மெடிகேர் மருந்துத் திட்டமும் கலக்கும் உழைப்பை மருந்து வழங்கும் கட்டணத்துக்குள் அடக்கிக்கொள்ளச் சொல்கிறது. அதே திட்டத்தின் விதிப்படி மொத்தப் பொடியாக வாங்கும் மூலப்பொருளுக்குப் பணம் கிடையாது. ஆக, பணத்தின் பெரும்பங்கு சேர்மானங்களின் விலையிலிருந்துதான் வர வேண்டும்.

இன்னொரு குறியீட்டையும் சொல்ல வேண்டும். ஐந்து சேர்மானங்களில் ஒன்றுக்குக் காப்பீடு இல்லையென்றால் முழு பில்லும் திரும்பிவிடும். அப்போது மருந்தாளுநர் விளக்கக் குறியீட்டுக் கட்டத்தில் 8 என்று போட்டு மறுபடி அனுப்பலாம். ‘நீங்கள் ஒப்புக்கொண்ட சேர்மானங்களுக்கு மட்டும் கொடுங்கள், போதும்’ என்பது அதன் பொருள். மீதியை நோயாளியிடம் கேட்கவும் பல ஒப்பந்தங்கள் தடை விதிக்கின்றன. இழப்பைக் கடைக்காரர்தான் சுமக்க வேண்டும். குழந்தைக்கு மருந்து கலந்து கொடுக்கும் சிறிய கடைகள் இந்த எட்டை எத்தனை முறை அழுத்துகின்றன என்பதில்தான், அவை அந்தச் சேவையைத் தொடருமா கைவிடுமா என்பது இருக்கிறது.

களிம்பு வியாபாரம்

2012-க்கு முன்பு கலவை மருந்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு சேர்மானத்தின் எண்ணைப் போட்டு பில் அனுப்புவார்கள். உள்ளே வேறென்ன இருந்தது என்று காப்பீட்டாளருக்குத் தெரியாது. அது வெளிப்படையாக இல்லை என்பதால்தான் எல்லாச் சேர்மானத்தையும் தனித்தனியாகக் காட்டும் முறை வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஒவ்வொரு சேர்மானத்துக்கும் பணம் தர எந்த விலையை எடுத்துக்கொண்டார்கள் என்பதில் கோளாறு புகுந்தது.

அமெரிக்க மருந்து வணிகத்தில் சராசரி மொத்த விலை என்று ஒரு பட்டியல் விலை உண்டு. பெயரில் சராசரி இருந்தாலும், உண்மையில் கடைக்காரர் கொடுத்து வாங்கும் விலைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. மூலப்பொடி விற்கும் நிறுவனமே அந்த விலையை அறிவிக்கலாம். கடைக்காரருக்குப் பத்து டாலருக்கு விற்கும் பொடிக்குப் பட்டியலில் நூறு டாலர் என்று போட்டால், காப்பீட்டாளர் நூறிலிருந்து ஒரு சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். இடையில் நிற்கும் தொகை கடைக்காரருக்கு. (இந்தப் பத்தும் நூறும் விளக்கத்துக்காக நான் சொல்லும் எண்கள், முறை உண்மை.) பொடி எவ்வளவு விலை உயர்ந்ததோ, களிம்பில் எத்தனை பொடி சேர்கிறதோ அவ்வளவு லாபம். உழைப்புக்கோ அதே சில்லறைதான்.

பிறகு நடந்தது ஊகிக்கக்கூடியதே. வலிக்களிம்பு, தழும்புக் களிம்பு என்ற பெயரில் கேட்டமின், கபாபென்டின், ஃப்ளூர்பிபுரோஃபென், சைக்ளோபென்சாப்ரின் என்று நான்கைந்தை ஒன்றாகக் குழைத்து மாதம் ஒரு டப்பா வீட்டுக்கு அனுப்பும் வணிகம் முளைத்தது. இதில் என்னை மிகவும் உறுத்துவது சோதனை பில். எந்தச் சேர்மானத்தை எவ்வளவு சேர்த்தால் கணினி எவ்வளவு தரும் என்று பார்ப்பதற்காகவே பில்களை மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதிகப் பணம் காட்டும் சேர்க்கை எதுவோ அதுவே மருந்துச் சூத்திரமானது. அதை அச்சடித்த சீட்டாக்கி, நோயாளியை நேரில் பார்க்காத மருத்துவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஆள் பிடித்துத் தந்தவர்களுக்குக் கமிஷன். மருத்துவரின் சீட்டில் தொடங்கிக் கடையில் முடிய வேண்டிய பாதை தலைகீழாகி, காப்பீட்டாளரின் திரையில் தொடங்கி நோயாளியின் தோலில் முடிந்தது.

ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான டிரைகேர் காப்பீடுதான் பெரிய இரை. 2013 நிதியாண்டில் அது கலவை மருந்துகளுக்குக் கொடுத்தது சுமார் 26 கோடி டாலர். 2015 நிதியாண்டிலோ அந்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2015 மே 1 முதல் ஒவ்வொரு சேர்மானத்தையும் வடிகட்டிப் பார்க்கத் தொடங்கியதும் செலவு மளமளவென்று இறங்கியது. நோய்கள் ஒரு மாதத்தில் குணமாகிவிடவில்லை. முன்பு கொடுத்ததில் எவ்வளவு வீண் என்பதைத்தான் அந்தச் சரிவு காட்டியது. மிசிசிப்பி மாநிலத்தில் இப்படி நடந்த ஒரு மோசடியின் அளவு மட்டும் 50 கோடி டாலருக்கு மேல். அதை நடத்தியவருக்கு 2021-இல் 18 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மெடிகேரில் தோலில் பூசும் கலவை மருந்துகளுக்கான செலவு 2010-இல் 1.32 கோடி டாலராக இருந்து 2016-இல் 32.35 கோடியானதாக அந்நாட்டு சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. ஒரு சீட்டின் சராசரி விலை 40 டாலரிலிருந்து 331 டாலராகியிருந்தது.

காப்பீட்டாளர்களுக்காக மருந்துக் கணக்கை நடத்தும் இடைநிலை நிறுவனங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ். 2012-இன் முதல் காலாண்டில் 2.8 கோடி டாலராக இருந்த அதன் கலவை மருந்துச் செலவு 2014-இன் முதல் காலாண்டில் 17.1 கோடி டாலரானது. அந்த ஆண்டே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலப்பொருள்களுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. மற்ற நிறுவனங்களும் கதவைச் சாத்தின.

சாத்திய கதவுக்கு வெளியே களிம்பு வியாபாரி மட்டும் நிற்கவில்லை. குழந்தைக்கு மருந்து கலப்பவரும் நின்றார். களிம்புக்காரர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வழி தேடிப் போனார். மற்றவர் முன்அனுமதி விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டும் மறுக்கப்பட்ட பில்லுக்கு மேல்முறையீடு எழுதிக்கொண்டும் உட்கார்ந்தார். அந்த வேலைக்கும் கூலி இல்லை. கோளாறு கலவையில் இருப்பதாக எண்ணித் தடைகளை அடுக்கினார்கள். பொடிக்கு அளவில்லாத விலையும் உழைப்புக்கு விலையே இல்லாமையும் வைத்திருந்த கணக்குதான் கோளாறு. அதை யாரும் தொடவில்லை.

அதே எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ் அடுத்த ஆண்டே கலவை மருந்தைத் தேடிப் போனது. 2015-இல் டாராபிரிம் மாத்திரையின் விலையை அதன் புதிய உரிமையாளர் 13.50 டாலரிலிருந்து 750 டாலராக உயர்த்தியது உலகச் செய்தியானது. இம்ப்ரிமிஸ் என்ற கலவை மருந்து நிறுவனம் அதே பைரிமெத்தமினை லூக்கோவோரினுடன் சேர்த்து, காப்ஸ்யூல் ஒன்று ஏறத்தாழ ஒரு டாலருக்குத் தர முன்வந்தது. டிசம்பரில் எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ் அதனுடன் கைகோத்தது. வேண்டுமென்று நினைத்தால் கலவைக்குப் பணம் தர வழி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கண்ணுக்குள் போடும் ஊசி

கண் மருத்துவத்தில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். முதுமையில் விழித்திரை சிதைந்து பார்வை மங்கும் நோய்க்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். லூசென்டிஸ் என்ற மருந்து 2011 வாக்கில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 2,000 டாலராக இருந்தது. அவாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தும் அதே வேலையைச் செய்கிறது. அதற்கு அப்போது ஒரு வேளைக்கு 50 டாலர்தான் ஆனது. இரண்டும் பார்வையைக் காப்பதில் சமமானவை என்று அமெரிக்க அரசு நிதியில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு 2011-இல் நிறுவியது. ஆனால் அவாஸ்டின் கண்ணுக்கென்று வருவதில்லை. 100 மில்லிகிராம் குப்பியாக வருகிறது. கண்ணுக்குத் தேவை 1.25 மில்லிகிராம். கிருமி புகாத அறையில் ஒரு மருந்தாளுநர் குப்பியைத் திறந்து, துளித்துளியாகச் சிரிஞ்சுகளில் பிரித்துத் தர வேண்டும். அதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2011-இல் மயாமி பகுதியில் நடந்தது சாட்சி. ஒரே கடையில் பிரித்த சிரிஞ்சுகளால் 12 பேரின் கண்ணில் கடும் கிருமித்தொற்று ஏற்பட்டது.

2009 அக்டோபரில் மெடிகேர் இந்தச் சிறு அளவுக்கென்று க்யூ2024 என்ற குறியீட்டை உருவாக்கியது. விலையை எப்படிப் போட்டார்கள்? பெரிய குப்பியின் விலையை மில்லிகிராமால் வகுத்து, கண்ணுக்குத் தேவையான அளவால் பெருக்கினார்கள். வந்தது சுமார் 7 டாலர். வகுத்தல் சரி. பிரித்தவரின் நேரம், தூய அறை, சிரிஞ்சு, பரிசோதனை எதுவும் அதில் இல்லை. 50 டாலர் செலவாகும் ஊசிக்கு ஏழு டாலர் தந்தால் மருத்துவர்கள் 2,000 டாலர் மருந்துக்கு மாறுவார்கள், அரசுக்குத்தான் பெரும் நட்டம் என்று கண் மருத்துவர்கள் எச்சரித்தார்கள். சில மாதங்களுக்குள் அந்தக் குறியீடு கைவிடப்பட்டது.

அதன் பிறகும் சாய்மானம் போகவில்லை. மருத்துவமனையில் போடும் மருந்துக்கு மெடிகேர் சராசரி விற்பனை விலையுடன் 6 சதவீதம் சேர்த்துத் தருகிறது. 2,000 டாலர் மருந்துக்கு அந்த விகிதத்தில் 120 டாலர் கூடும்; 50 டாலர் மருந்துக்கு 3 டாலர். நாட்டின் பணத்தை மிச்சப்படுத்தும் மருத்துவர் தன் வருமானத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறது இந்தக் கணக்கு. அப்படியிருந்தும் ஏராளமான மருத்துவர்கள் அவாஸ்டினையே பயன்படுத்தினார்கள் என்பதை மரியாதையோடு குறிப்பிட விரும்புகிறேன்.

2016 முதல் இத்தகைய கலவை மருந்துகளுக்கு ஜே7999 என்ற குறியீடு இருக்கிறது. ‘வேறெங்கும் வகைப்படுத்தப்படாத கலவை மருந்து’ என்பது அதன் விளக்கம். கண் ஊசி, முதுகுத் தண்டுப் பம்பில் நிரப்பும் வலி மருந்து என்று எது வந்தாலும் அதே எண். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் குறிப்புக் கட்டத்தில் சொற்களால் எழுத வேண்டும். எழுதியது போதாதென்று பில் திரும்பும்.

உழைப்புக்குத் தனியாகப் பணம் தருவது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது. வாய்வழி உண்ண முடியாதவர்களுக்கு ரத்தக்குழாய் வழியே ஏற்றும் ஊட்டச்சத்துக் கரைசலை மருந்தாளுநர்கள் நாள்தோறும் ஆளுக்கேற்பக் கலக்கிறார்கள். வீட்டுக்கே வரும் இந்தச் சிகிச்சைக்குத் தனியார் காப்பீட்டாளர்கள் எஸ் வரிசைக் குறியீடுகளில் நாள் கணக்கில் பணம் தருகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்றால் எஸ்9365. ஒன்றுக்கு மேல் இரண்டு லிட்டர் வரை எஸ்9366. மருந்தாளுநரின் தொழில்முறைச் சேவை, ஒருங்கிணைப்பு, கருவிகள் எல்லாம் அந்த நாள் கட்டணத்தில் அடக்கம் என்று குறியீட்டின் வரையறையே சொல்கிறது. வழக்கமான கரைசலில் சேராத மருந்துகளுக்குத் தனி பில். உழைப்பையும் பொருளையும் இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அமைப்பு, குழந்தையின் நீர்ம மருந்தில் மட்டும் இரண்டையும் குழப்பிவைத்திருப்பதற்கு நியாயமே இல்லை.

எதிர்வாதங்களைக் கேட்காமல் போக முடியாது. உழைப்புக்குப் பணம் என்றால் ஐந்து நிமிட வேலையை அரைமணி என்று எழுதமாட்டார்களா? எழுதுவார்கள், சிலர். ஆனால் ஒவ்வொரு கலவைக்கும் செய்முறைக் குறிப்பும் தயாரிப்புப் பதிவும் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் தரநூலின் 795-ஆம் அத்தியாயம் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கிறது. அரைமணி என்று எழுதியவர் அந்தப் பதிவைக் காட்டட்டும். பொடியின் பட்டியல் விலையைச் சரிபார்ப்பதைவிட இது எளிது. சேர்மானத்துக்கு, கடைக்காரர் உண்மையில் வாங்கிய ரசீது விலையைக் கொடுத்தால் விலையுயர்ந்த பொடியைத் தேடி அலைய யாருக்கும் காரணம் இருக்காது.

பாதுகாப்பைப் பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃப்ரேமிங்ஹாமில் இருந்த ஒரு கலவை நிறுவனம் அனுப்பிய முதுகுவலி ஊசியில் பூஞ்சை கலந்திருந்தது. 2012-இல் 20 மாநிலங்களில் 750-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனிநபருக்கான கலவை என்ற போர்வையில் தொழிற்சாலைபோலத் தயாரித்து விற்றதன் விளைவு அது. 2013 நவம்பரில் புதிய சட்டம் வந்து, நோயாளியின் சீட்டுக்குக் கலக்கும் கடை வேறு, மொத்தமாகத் தயாரிக்கும் நிலையம் வேறு என்று பிரித்தது. நான் பேசுவது முதல் வகையைப் பற்றி. அளவு கூடினால்தான் பிழைக்க முடியும் என்ற கணக்கு, அந்த முதல் வகைக் கடைகளையும் இரண்டாம் வகையின் எல்லைக்குத் தள்ளுகிறது என்பதுதான் என் கவலை. ஒரு சீட்டுக்குக் கட்டுப்படியாகும் கூலி கிடைத்தால் மொத்தமாகக் கலந்துவைக்கும் தூண்டுதல் குறையும்.

காப்பீடு விலகிய இடத்தில் ரொக்க வணிகம் வளர்ந்திருக்கிறது. எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைடு தட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்த காலத்தில் அதன் கலவை வடிவம் பெருமளவில் நேரடிப் பணத்துக்கு விற்றது. தட்டுப்பாடு நீங்கியதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிறகே அது சுருங்கத் தொடங்கியது. காப்பீட்டுப் பில் என்றால் சேர்மானங்களின் விவரமாவது ஓரிடத்தில் பதிவாகும். ரொக்க விற்பனையில் அந்தத் தடம்கூட இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களுக்குக் குறியீடு போட்டுப் பிழைக்கிறார்கள். பி.பார்ம். படித்தவர்கள், நர்சிங் படித்தவர்கள், உயிரியல் பட்டதாரிகள். ஜே7999 வந்தால் குறிப்புக் கட்டத்தில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கிறதா என்று பார்ப்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். மறுக்கப்பட்ட பில்லைத் திருத்தி மறுபடி அனுப்புபவரும் அவராகவே இருக்கலாம். தினமும் இத்தனை பில் முடிக்க வேண்டும் என்ற இலக்கு தலைக்கு மேல் தொங்கும்போது, அந்த எண்ணின் மறுமுனையில் ஒரு கண்ணோ ஒரு குழந்தையோ இருப்பதை நினைக்க நேரம் இருக்காது. அவர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனங்கள் எண்ணை மனப்பாடம் செய்ய வைப்பதோடு நிற்காமல், அந்த எண் எதற்குப் பணம் தருகிறது, எதற்குத் தரவில்லை என்பதையும் சொல்லித்தர வேண்டும். நம் நாட்டுக்கு நாளை அந்த அறிவு தேவைப்படும்.

ஏனென்றால் இந்தியாவும் இதே பாதையின் தொடக்கத்தில் நிற்கிறது. நம் மருந்து விதிகள் 1945-இன் 65-ஆம் விதிப்படி, சீட்டைப் பார்த்து மருந்து கலக்கும் வசதி உள்ள கடை மட்டுமே ‘ஃபார்மசி’ என்று பலகை வைக்கலாம்; கலக்கும் அறைக்கு என்னென்ன வேண்டும் என்பது அட்டவணை ‘என்’-இல் இருக்கிறது. நடைமுறையில் எந்தத் தெருவில் அந்த அறையைப் பார்க்க முடிகிறது? குழந்தைக்குக் கால் மாத்திரை என்றால் அம்மா வீட்டில் உடைக்கிறார்; மருத்துவமனைகளில் மாத்திரையைப் பொடித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். மடிப்புக்கு மடிப்பு அளவு மாறும். அச்சிட்ட சில்லறை விலைக்குமேல் ஒரு ரூபாய் வாங்க முடியாத கடைக்காரர், கலக்கும் வேலைக்கு எதை பில் போடுவார்?

தேசிய சுகாதார ஆணையம் காப்பீட்டுக் கோரிக்கைகளை மின்வழியில் பரிமாறும் பொது மேடையை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறது. வெளிநோயாளி மருந்துச் செலவு அதற்குள் வருவதற்கு இன்னும் காலம் ஆகலாம். அதற்குள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகம் குழந்தைகளுக்கான கலவை மருந்துகளுக்குப் பொதுச் செறிவுகளை வகுத்ததுபோல, நம் அரசு குழந்தை மருத்துவமனைகளில் கலக்கப்படும் நீர்ம மருந்துகளுக்கும் ஒரே செறிவு, ஒரே செய்முறை என்று பட்டியலிட வேண்டும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அதைத் தொடங்கிவைக்கத் தகுந்த இடம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் குறியீடு ஒன்று. அதில் சேர்மானத்துக்கு ரசீது விலை, கலப்பதற்கு நேரத்தை வைத்துத் தனிக் கட்டணம், தயாரிப்புப் பதிவின் எண் என மூன்றும் தனித்தனிக் கட்டங்களாக இருக்கட்டும். மேடையின் வடிவம் இறுகிப்போவதற்கு முன்பே தமிழ்நாட்டு மருந்தாளுநர் சங்கங்கள் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.